காப்பு கட்டிய கை

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்து சேர்ந்தது, கண்ணு. மஞ்சள் அட்டை, மேலே வேலும் மயிலும், நடுவில் உன் பெயரும் சுகுணாவின் பெயரும். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அழைப்பவர் இடத்தில் உன் பெரியப்பாவின் பெயரைப் போட்டிருக்கிறாய். 'எனது தம்பி காலஞ்சென்ற' என்று அவர் வாயால் சொல்வதுபோல் ஆரம்பித்து, உன் நைனாவின் பெயரை எழுதி, 'அவர்களின் குமாரன்' என்று முடித்திருக்கிறாய். அந்த இடத்துக்கு வந்ததும் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். தம்பியாம். இத்தனை வருடமாக என் காதுபட அந்த ஆளைச் சொல்லவிடாத ஒரு சொல்லை, நீயாகக் கொண்டுபோய் அவர் வாயில் வைத்து அச்சுக்குக் கொடுக்கப் பார்க்கிறாய். பம்பாயில் எந்த அச்சகமாக இருந்தாலும் சரி, முதலில் போய் நிறுத்து. மீதியை அப்புறம் உட்கார்ந்து படி.

கூட வைத்திருந்த உன் கடிதத்தையும் படித்தேன். சுகுணாவின் அக்கா வசந்தா பிரசவத்தில் சாகக் கிடந்தபோது ரத்தம் கொடுத்து எழுப்பியவர் பெரியப்பாதான், அதனால் பெண் வீட்டார் அவரையே மாப்பிள்ளையின் தகப்பன் இடத்தில் உட்கார வைக்க ஆசைப்படுகிறார்கள், இதில் என்ன தவறு என்று கேட்டிருக்கிறாய். 'ஊருக்கே ரத்தம் சேர்த்துத் தருகிற உன் பெரிய மனசுக்கு இது ஒரு பாரமா அம்மா' என்று ஒரு வரி வேறு. அந்த வரிதான் என்னை எழுத உட்கார வைத்தது. ஊர்ச் சங்கத்துக்காரர்கள் எனக்குச் சால்வை போட்ட அன்றும் ஒலிபெருக்கியில் இதைத்தான் சொன்னார்கள். கருணையின் வடிவம் என்றார்கள். நீ முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாய். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். அதெல்லாம் கருணை இல்லை, கண்ணு, வஞ்சம். ஒரே ஒரு ஆள்மேல் வைத்த வஞ்சம். அதில் ஊருக்கு நல்லது நடந்திருந்தால் அது ஊரின் அதிர்ஷ்டம். இதைச் சுகுணாவுக்கும் படித்துக் காட்டு, அவள் வீட்டாருக்கும் படித்துக் காட்டு. ஒளித்து வைக்க நான் எதையும் திருடவில்லை.

உன் நைனா போனபோது நீ இரண்டாம் வகுப்பு. வாசலில் போட்ட பந்தலும், யாரோ வாங்கித் தந்த பன்னும்தான் ஞாபகம் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாய். வயிற்றுப் புண்ணில் போனார் என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தேன். புண் இருந்தது உண்மைதான். தறியில் உட்கார்ந்தால் அந்த மனுஷனுக்குச் சாப்பாட்டு வேளை தெரியாது. டீயும் பீடியுமாகவே நாளை ஓட்டிவிடுவார். ஓர் ஆடி மாதக் காலையில் தறியில் இருந்தபடியே ரத்தமாக வாந்தி எடுத்தார். எடுக்கும்போதும் தறியில் ஓடிய பாவு நூலில் பட்டுவிடக் கூடாதென்று முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். திருத்தணி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே சென்னைக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். அப்போது நாமும் பெரியப்பாவும் ஒரே வீடு, ஒரே அடுப்பு, முன்கட்டில் இரண்டு தறி. பெரியப்பா அன்றைக்கு நூல் வாங்க அம்மையார்குப்பம் போயிருந்தார். உன்னை உன் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு, உன் நைனாவை என் தோளில் சாய்த்துக்கொண்டு நான் ரயிலேறினேன்.

சென்னையில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் அன்றிருந்த வழக்கத்தைச் சொல்கிறேன். நோயாளிக்கு ரத்தம் ஏற்ற வேண்டுமென்றால் சொந்தக்காரர்கள் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். நீ எந்த வகையைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, சேர்த்து வைத்ததிலிருந்து பொருந்துகிறதை ஏற்றுவார்கள். நான் கையை நீட்டினேன், எடுத்துக்கொண்டார்கள். ஆனால் உன் நைனாவுக்கு ஓ நெகட்டிவ். ஊரில் அபூர்வமாகத்தான் ஒருவருக்கு இருக்குமாம், அங்கே இருப்பில் இல்லை. கேட்டுக்கு வெளியே காசுக்கு ரத்தம் விற்கிறவர்கள் கன்னம் ஒட்டிப்போய் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களிடமும் போய்க் கேட்டேன். "அந்த குரூப் எங்கள்ல யாருக்கும் கிடையாதும்மா" என்று ஒருவன் சொன்னான், சொல்லிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, கூடப்பிறந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு அதே வகை இருக்க வாய்ப்பு அதிகம், உடனே வரவழைத்தால் காப்பாற்றிவிடலாம் என்றார். அண்ணன் இருக்கிறார் என்று நான் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு வந்த தைரியத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆபீசில் கெஞ்சி, நம் ஊர் நெசவாளர் சங்கத்துக்குப் போன் போட்டு, தம்பிக்கு ரத்தம் கொடுக்க அண்ணன் உடனே வர வேண்டும் என்று சேதி சொன்னேன்.

மறுநாள் விடிகிறவரை ஆள் வரவில்லை. உன் நைனாவின் உதடு வெளுத்துவிட்டது. "நீ ஏன் இப்படி அலையிற. அண்ணன் வந்துகினு இருக்கும்" என்றார் என்னிடம். சேதி போய்ச் சேரவில்லையோ என்று நினைத்து, பக்கத்துக் கட்டில்காரியிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானே திருத்தணிக்கு ரயிலேறினேன். வீட்டுக்குள் நுழைந்தால் சாம்பிராணி மணக்கிறது. உன் பெரியப்பா தலைக்குக் குளித்துவிட்டு மஞ்சள் வேட்டியோடு சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"பாவா, சேதி வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சிம்மா."

"அப்போ ஏன் வரல? வாயைத் திறந்தா உங்க பேரைத்தான் சொல்லிகினு இருக்காரு."

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் காப்பு. "கட்டிட்டேனேம்மா. கிருத்திகை முடியறவரைக்கும் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கக் கூடாது, உடம்புல ஊசி படக் கூடாது. உனக்குத் தெரியாததா? முருகன் பாத்துப்பாரு, நீ தைரியமா போ."

"அவுத்துடுங்க பாவா. அவரு பொழச்சி வரட்டும். அடுத்த வருஷம் அண்ணனும் தம்பியுமா சேர்ந்து காவடி எடுங்க."

"கட்டினதை அவுத்தா குடும்பத்துக்கே ஆகாதும்மா" என்றார் அவர். என் முகத்தைப் பார்க்காமல், சாமி படத்தைப் பார்த்துச் சொன்னார்.

நீ இந்த ஊர்ப் பிள்ளை, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர்கள் காப்பு கட்டுவதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கையில் அந்த மஞ்சள் நூல் ஏறிவிட்டால் தீட்டு கூடாது, சாவு வீடு, பிரசவ வீடு, ஆஸ்பத்திரி எதுவும் கூடாது. ஆனால் நம் தெருவில் யாரும் தனக்குத் தானே கட்டிக்கொள்வதில்லை. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் குருசாமி எல்லோருக்கும் ஒரே நாளில் கட்டிவிடுவார். அந்த நாள் இன்னும் வந்திருக்கவில்லை. தெருவில் நடந்து வரும்போது எந்த ஆணின் கையிலும் நான் மஞ்சள் நூலைப் பார்க்கவில்லை. உன் பெரியப்பாவின் கையில் மட்டும்தான் இருந்தது. மஞ்சள் இன்னும் காயாமல் வேட்டியில் ஒட்டியிருந்தது. சேதி வந்த பிறகு கட்டிக்கொண்டது அது. என் எதிரே உட்கார்ந்திருந்தது விரதக்காரர் இல்லை, ஒளிந்துகொள்ள இடம் தேடிக் கண்டுபிடித்த ஓர் ஆள்.

அவருக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். சின்ன வயதில் அம்மை குத்த வந்தவர்களைப் பார்த்துத் தறிக்குழிக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டதை உன் நைனாவே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ரத்தத்தை எடுத்தால் திரும்ப ஊறாது, கைபலம் போய்விடும், தறி நெய்ய முடியாது என்று அப்போது பயந்தவர்கள் நிறையப் பேர். 'எனக்குப் பயமா இருக்கும்மா' என்று அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருப்பேன். இழுத்தும் வராவிட்டால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன், பிறகு ஒரு நாள் மன்னித்தும் இருப்பேன். மனுஷனுக்குப் பயம் வராதா. அவர் முருகனைக் கொண்டுவந்து எனக்குக் குறுக்கே நிறுத்தினார். சாமியிடம் போய் நான் என்ன சண்டை போடுவது? உனக்கு நான் சொல்கிற புத்தி ஒன்றே ஒன்றுதான். பயம் வந்தால் பயம் என்று சொல். பெண்டாட்டியிடம் சொல், மேலதிகாரியிடம் சொல், தெருவில் நின்று சொன்னாலும் தப்பில்லை. அதைக் கடவுள்மேல் மட்டும் போடாதே.

வெறுங்கையோடு சென்னைக்குத் திரும்பினேன். உன் நைனாவுக்குக் குரலே வரவில்லை. "அண்ணன் வந்துகினு இருக்காரா?" என்று உதட்டை அசைத்தார். "ஆங், வந்துகினு இருக்காரு. ஸ்டேஷன்ல இருந்து நடந்து வராரு" என்றேன். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது வெள்ளை வேட்டி கட்டி உள்ளே வந்தால் கண் அங்கே போகும். மத்தியானச் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்த நேரத்தில் உயிர் போனது. போகும்போதும் கண் வாசலில்தான் இருந்தது. நான் சொன்ன பொய்யை நம்பிக்கொண்டே போனார், அது ஒன்றுதான் நான் அவருக்குக் கடைசியாகச் செய்தது.

உடம்பை வேனில் ஊருக்குக் கொண்டுவந்தேன். காப்பு கட்டியவர் தீட்டு வீட்டில் இருக்கக் கூடாதல்லவா, அதனால் வேன் வருவதற்குள் உன் பெரியப்பா துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துச் சத்திரத்துக்குப் போய்விட்டார். தம்பிக்குத் தோள் கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் உன் கையைப் பிடித்துக் கொள்ளி வைக்கச் செய்தார். கிருத்திகை அன்று புஷ்பக் காவடியோடு உன் பெரியப்பா தெருவில் போனார். பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலில் ஊற்றினார்கள். தம்பி செத்தும் விரதத்தைக் குலைக்காத மனுஷன் என்று என் வாசலில் நின்றே ஒருத்தி சொன்னாள். நான் கதவைச் சாத்தவில்லை. அவர் தெருமுனை திரும்புகிறவரை நின்று பார்த்தேன். அன்றைக்குத்தான் உள்ளே ஏதோ ஒன்று கெட்டிப்பட்டது. அழுகை நின்றுவிட்டது, பசி எடுத்தது, சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அப்புறம் நாம் தனிக்குடித்தனம் வந்தோம். விதவைகளுக்கு அரசாங்கம் பென்ஷன் தருகிறது என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். ஆதரிக்க ஒருவரும் இல்லை என்று நிரூபித்தால்தான் தருவார்கள். விசாரிக்க வந்தவர் உன் பெரியப்பாவிடமே போய், இந்த அம்மாவைச் சொந்தக்காரர்கள் யாராவது வைத்துக் காப்பாற்றுகிறார்களா என்று கேட்டார். "யாரும் இல்லீங்க" என்று பதில் வந்ததாம், கேட்ட மறுநொடியே. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த நாட்டில் ரத்தம் வேண்டுமென்றால் சொந்தக்காரன் இருக்க வேண்டும், பென்ஷன் வேண்டுமென்றால் சொந்தக்காரன் இருக்கக் கூடாது. சட்டம் எழுதுகிறவர்களுக்கு எல்லா வீட்டு அண்ணனும் நல்லவனாகவே தெரிகிறான் போலிருக்கிறது. ஒருவன் உயிரை அவன் அண்ணனின் நல்ல மனசை நம்பி விட்டுவைப்பது ஒரு ஏற்பாடா? பிறகு அதே அரசாங்கம் விதவை என்று பார்த்து எனக்கு நம்மூர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கொடுத்தது. பிரசவ வார்டில் போட்டார்கள். அங்கே ரத்தம் இல்லாமல் சென்னைக்கு அனுப்பி, வழியிலேயே செத்துத் திரும்பி வந்தவர்களை நானே துணி போர்த்திப் படுக்க வைத்திருக்கிறேன். அவர்களுக்காக அழுதேன் என்று சொன்னால் உனக்குப் பிடிக்கும். அழுதேன்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு கை.

ரத்த தான வேன் சென்னையிலிருந்து ஊர் ஊராக வர ஆரம்பித்த காலம் அது. வேனை வரவழைத்தால் போதாது, படுத்து ரத்தம் கொடுக்க ஆள் வேண்டுமே என்று எங்கள் லேடி டாக்டர் கவலைப்பட்டார். ஆள் நான் பிடித்துத் தருகிறேன் என்றேன். காப்பு கட்டுகிற நாளில், தெருவே கூடியிருக்கும்போது, பிள்ளையார் கோயிலுக்குப் போய் குருசாமி முன்னால் நின்றேன். விதவை அங்கே வந்து நின்றதே பலருக்குப் பிடிக்கவில்லை.

"சாமி, காப்பு கட்டினப்புறம் ஊசி படக் கூடாது. சரி. கட்டறதுக்கு முன்னாடி ரத்தம் கொடுத்தா தப்பா?" என்று கேட்டேன்.

குருசாமியே பதில் சொன்னார். நல்ல மனுஷன் அவர். "அதுல இன்னா தப்பு? குடுத்துட்டு வந்து கட்டிக்கினா முருகன் வேணாம்னா சொல்லப் போறாரு?" என்றார்.

"அப்போ அடுத்த வருஷத்துல இருந்து ரத்தம் கொடுத்தவங்க கைக்கு மொதல்ல கட்டுங்க சாமி. பயந்தவங்க பின்னாடி வரட்டும்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. நான் குருசாமியைப் பார்த்துப் பேசினேனே தவிர, சொன்னது தூணோரம் நின்ற உன் பெரியப்பாவுக்கு. அவர் தலை குனிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஆடியில் வேன் வந்தது. வாலிபப் பையன்களை வீடு வீடாகப் போய் இழுத்து வந்தேன். மொட்டை போட்டுக்கொள்ளக் கத்திக்குத் தலையைக் கொடுக்கிறாய், ஒரு ஊசிக்குக் கை கொடுக்க மாட்டாயா என்று கிண்டல் செய்தே பாதிப் பேரைப் படுக்க வைத்தேன். ஒருவன் கொடுத்ததும் பத்துப் பேர் வந்தார்கள், ஆண்பிள்ளைகளின் ரோஷம் அப்படித்தான். சத்திரத்து வாசலில் பெயர் எழுதிக்கொள்ளும் மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் உன் பெரியப்பாவும் வந்து நின்றார். வேறு வழியில்லை, தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. முகம் வியர்த்திருந்தது. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்து வகை பார்த்த பையன் நிமிர்ந்து, "அம்மா, இவருக்கு ஓ நெகட்டிவ். லேசுல கிடைக்காது. முதல்ல இவரைப் படுக்க வைங்க" என்றான்.

அதுவரைக்கும் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. வந்திருந்தாலும் வகை சேராமல் போயிருக்கலாமே என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். அந்தச் சொட்டு அதையும் துடைத்துவிட்டது. சேர்ந்திருக்கும், கண்ணு. அன்றைக்கு அந்தக் கை வந்திருந்தால் உன் நைனா எழுந்து உட்கார்ந்திருப்பார். பெரியப்பாவும் அதைக் கேட்டார். அவர் கண் என்னிடம் வந்தது. நான் நிதானமாகச் சொன்னேன், "இவருக்கு வேணாம் தம்பி. இவரு ரொம்ப வருஷமா விரதக்காரரு. மயக்கம் போட்டு விழுந்துட்டா பொல்லாப்பு. நீங்க போங்க பாவா." பையன் ஏதோ சொல்ல வந்தான். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டேன். சட்டைக் கையை மடித்துவிட்டவர் அதை அப்படியே இறக்கிவிட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்க வரிசையை விட்டுப் போனார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஆடியிலும் அவர் வந்தார். ஒவ்வொரு ஆடியிலும் நான் திருப்பி அனுப்பினேன். அவருடைய பிள்ளைகள் கொடுத்தார்கள், மருமகன் கொடுத்தான். அவர் மட்டும் ரத்தம் கொடுத்தவர்களுக்கெல்லாம் காப்பு கட்டி முடிந்த பிறகு, பின்னால் நின்று கட்டிக்கொண்டார். ஏன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் யாருக்கும் சொல்லவில்லை, அவராலும் சொல்ல முடியவில்லை. தம்பிக்குத் தராத ரத்தம் அவர் உடம்பிலேயே இருந்து சுற்றட்டும் என்று நினைத்தேன். இதைத்தான் ஊர் கருணை என்றது. கொடுக்கிறவன் எதற்காகக் கொடுக்கிறான் என்று பாட்டிலுக்குள் போன ரத்தத்துக்குத் தெரியாது. ரோஷத்துக்குக் கொடுத்தவன் ரத்தமும், பெண்களுக்கு முன்னால் வீரம் காட்டக் கொடுத்தவன் ரத்தமும் ஏறியவளைப் பிழைக்கத்தான் வைத்தது. அதனால்தான் மனசு நல்லதா கெட்டதா என்கிற பேச்சே எனக்கு அலுத்துவிட்டது.

இனி வசந்தாவின் கதை. போன வருடம் கிருத்திகைக்கு முந்தின நாள் பள்ளிப்பட்டிலிருந்து அவளை வாடகைக் காரில் கொண்டுவந்தார்கள். குழந்தை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. அவள் கால்மாட்டில் நின்று பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த பெண்தான் சுகுணா, அங்கேதான் நான் அவளை முதலில் பார்த்தேன். டாக்டர் வகை பார்த்தார். நெகட்டிவ். சென்னை வரை தாங்காது, இங்கேயே யாராவது ஓ நெகட்டிவ் இருந்தால் நேராக எடுத்து ஏற்றிவிடலாம் என்றார். எனக்குத் தெரிந்து ஊரில் ஒரே ஒரு ஆள். நான் வராந்தாவில் வந்து நின்றேன். உனக்குப் பொய் சொல்ல மாட்டேன், உடனே ஓடவில்லை. போய்க் கேட்டால் அவர் கொடுத்துவிடுவார், கொடுத்தால் நல்லவராகிவிடுவார், நான் இத்தனை வருடம் கட்டி வைத்தது ஒரு நொடியில் போய்விடும் என்று நின்றேன். உள்ளே இருந்து சுகுணா வந்து, "ஆயாம்மா, யார்னா கிடைப்பாங்களா?" என்றாள். அவள் பார்த்த திக்கைப் பார்த்தேன். வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் நிற்க முடியவில்லை.

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசப்படியை மிதித்தேன். அவர் கையில் காப்பு, மறுநாள் எடுக்க வேண்டிய காவடிக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார். "பாவா, ஒரு பொண்ணு சாகக் கிடக்குது. உங்க ரத்தம் வேணும்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார், பூவைக் கீழே வைத்தார், பக்கத்தில் கிடந்த கத்தரியை எடுத்து மணிக்கட்டு நூலைத் தானே அறுத்தார். உன் பெரியம்மா ஐயோ என்றாள். அவர் திரும்பிப் பார்க்காமல் என்னை முந்திக்கொண்டு நடந்தார். ஊசி ஏறும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் கையை இழுக்கவில்லை. வசந்தா பிழைத்தாள். நான் அதை மறுக்கவில்லை. அவள் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் சந்தோஷம்தான்.

பஞ்சை அழுத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் டீ கொண்டுபோய் வைத்தேன். அது என் வேலை. "அன்னிக்குப் பயந்துட்டேம்மா" என்றார் தரையைப் பார்த்து. "சாமி மேல பழியைப் போட்டுட்டேன். பயந்துட்டேன்." இந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் நான் காத்திருந்தேன். சொன்னால் விட்டுவிடுவேன் என்று மனதார நம்பியிருந்தேன். சொல்லிவிட்டார். என்னால் விட முடியவில்லை, கண்ணு. ஒரு வருடமாக முயன்று பார்த்தாகிவிட்டது. அவர் அந்த நூலை அறுத்ததை என் கண்ணால் பார்த்தேனே, எவ்வளவு சுலபமாக அறுத்தார். முன்பின் தெரியாத ஒருத்திக்காக அறுக்க முடிந்தது. அவர் மோசமான ஆளாகவே இருந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். முடிகிற ஆள்தான் என்று தெரிந்த பிறகு எப்படி ஆறும்? "தெரியும் பாவா, டீ ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டேன்.

ஆகையால் பத்திரிகை விஷயத்துக்கு வருகிறேன். பெண் வீட்டார் அவருக்குச் செய்ய நினைக்கிற மரியாதை அவர்கள் பாடு. மாலை போடட்டும், வேட்டி துண்டு வைத்துக் கொடுக்கட்டும், முதல் பந்தியில் முதல் இலை போடட்டும், நான் குறுக்கே வர மாட்டேன். அவர்களுக்கு அவர் உயிர் கொடுத்தவர். நமக்கு அவர் யார் என்பதை நான் சொல்லிவிட்டேன். அழைப்பவர் இடத்தில் என் பெயரைப் போடு. 'எனது குமாரன்' என்று போடு, அவ்வளவு போதும். உன் நைனாவின் இடத்தில், மணவறையில், உன் பக்கத்தில் நான் உட்காருவேன். தாலி கட்டுகிற இடத்தில் விதவை உட்காரலாமா என்று உன் பெரியம்மா கேட்பாள், ஐயர் கேட்பார், சுகுணாவின் அத்தைமார்கள் கேட்பார்கள். கேட்கிறவர்களை என்னிடம் அனுப்பு. உன் நைனாவைக் காப்பாற்ற ஊர் ஊராக ஓடியவள் நான்தான், என்னைவிட அந்த இடத்துக்கு உரிமைப்பட்டவர் யார் என்று அவர்களே சொல்லட்டும். இதற்குச் சம்மதம் இல்லையென்றால் கல்யாணத்தைப் பம்பாயிலேயே முடித்துக்கொள், நான் வரவில்லை. கோபத்தில் எழுதியதாக நினைத்துவிடாதே, நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உன் பெரியப்பா கல்யாணத்துக்கு வருவார். கட்டாயம் வர வேண்டும், நானே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பேன். கெட்டிமேளம் கொட்டும் நேரத்தில் அட்சதைத் தட்டை வேறு யார் கையிலும் கொடுக்காதே. மணவறையிலிருந்து எழுந்து நானே கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டுவேன். இத்தனை பேர் பார்க்க, என் கையில் இருக்கும் தட்டிலிருந்து எடுத்து என் பிள்ளையின் தலையில் போடட்டும். எடுக்கும்போது அவர் கை நடுங்கும். அது நிற்கிற வரைக்கும் நான் தட்டைப் பிடித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டே நிற்பேன்.